கூட்டல் கழித்தல் குறி

குருமட மாணவராய் இருந்த நாள்களில், முதலில் ஓர் இளங்கலைப் பட்டம் பெற்று வருமாறு நாம் பணிக்கப்பட்டோம். கல்லூரியில் நமக்கு வாய்த்த பாடம் இயற்பியல். 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பிற்பகல், கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் செய்முறை நம் முறைக்கு வந்தது. துளைகள் இடப்பட்ட உலோகச் சட்டத்தைக் கத்திமுனையில் தொங்கவிட வேண்டும். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். வரைபடம் வரைந்து விடை காண வேண்டும். நமக்குக் கிடைத்த விடை 9.43. பாடநூல் கூறுவதோ 9.8. மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

நாம் செய்ததை இன்று மறைப்பானேன்? அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும், குறித்த நேரத்திலிருந்து அரை நொடிக்குச் சற்று மேலாகக் குறைத்து எழுதினோம். மீண்டும் கணக்கிட்டபோது விடை 9.79 என்று அழகாக வந்தது. மாணவர்கள் இதனைக் ‘குக்கிங்’ என்பார்கள். அந்தச் சமையலில் கைதேராத மாணவர் எவரையும் அன்று நாம் கண்டதில்லை. பதிவேட்டில் ஆசிரியர் சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அன்றைய மாலைச் செபத்தில் ஆன்ம சோதனைக்கென ஒதுக்கப்பட்ட ஐந்து நிமிடங்களில் இச்செயல் நம் நினைவுக்கு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆகஸ்டு மாதம், 13-ஆம் நாள், ஐரோப்பாவில் ஒரு பெரிய அளவீடு தொடங்கிற்று. அதனை நாம் அறிந்துகொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. நம் பங்கில் இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவருடன் உரையாடுவது வழக்கம். அவர் கொடுத்துச் சென்ற கட்டுரைகளின் வழியாகவே இக்கதை நம்மை வந்தடைந்தது. படிக்கத் தொடங்கியபின் கீழே வைக்க மனம் வரவில்லை.

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகரின் அருகே, நிலத்தடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், சுமார் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டமான சுரங்கம் ஒன்று அகழப்பட்டது. ‘சேர்ன்’ என்னும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிறுவனத்தின் பணி அது. ‘லெப்’ எனப் பெயரிடப்பட்ட அந்த முடுக்கியினுள் எலக்ட்ரான்கள் ஒரு திசையிலும், அவற்றின் எதிர்த்துகள்களாகிய பாசிட்ரான்கள் மறு திசையிலும், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில், நொடிக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றிவந்தன. நான்கு இடங்களில் அவை நேருக்கு நேர் மோதின. ஒவ்வோர் இடத்திலும் மாளிகை அளவான கருவி ஒன்று நின்று, மோதலில் பிறந்தவற்றைப் பதிவு செய்தது.

அவர்கள் நிறுக்க விரும்பியது ‘இசட்’ என்னும் துகள். வலிமை குறைந்த விசை என்று இயற்பியலார் கூறும் விசையைச் சுமந்து செல்லும் துகள்களுள் இதுவும் ஒன்று. இதே சேர்ன் நிறுவனத்தின் மற்றொரு முடுக்கியில் 1983-ஆம் ஆண்டு இது கண்டறியப்பட்டது. அதற்காகக் கார்லோ ரூபியா, சைமன் வான் டெர் மேர் இருவரும் அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெற்றனர். நுண்துகள் என்று எண்ணி இதனை எளிதாகக் கருதிவிடக் கூடாது. இந்த ஒரு துகள் முழு இரும்பு அணுவைக் காட்டிலும் கனமானது. அதன் வாழ்நாளோ, தசமப் புள்ளிக்குப் பின் 24 சுழியங்களை இட்டு அதன்பிறகே ஓர் எண்ணை எழுதத்தக்க அளவான நொடி. பிறந்தது தெரியுமுன் சிதைந்துவிடும் ஒன்றைத் தராசில் எங்ஙனம் வைப்பது?

இங்கே நமக்குப் பழைய வானொலிப் பெட்டி நினைவுக்கு வருகிறது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. குமிழை மெல்லத் திருகுவோம். முதலில் இரைச்சல், பின்பு எங்கோ தொலைவில் பேசுவதுபோல் ஒரு குரல், இன்னும் சற்றுத் திருகினால் குரல் ஓங்கித் தெளியும், மேலும் திருகினால் மீண்டும் மங்கிவிடும். குரல் மிகத் தெளிவாய் ஒலித்த இடத்தில் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுவே நிலையத்தின் எண். லெப் முடுக்கியிலும் இதுவே நடந்தது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் மொத்த ஆற்றலைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை இசட் துகள்கள் பிறக்கின்றன என்று எண்ணினார்கள். எண்ணிக்கை எந்த ஆற்றலில் உச்சம் தொடுகிறது என்பதிலிருந்து துகளின் நிறையைக் கணித்தார்கள். நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் காட்டியபின், நிறையை ஆற்றலின் அலகிலேயே கூறிவிடலாம். அந்த அலகு மெகா எலக்ட்ரான் வோல்ட்.

(நிறை என்னும் சொல் நமக்கு எத்தனை அழகாக வாய்த்திருக்கிறது! எடைக்கும் அதுவே சொல், முழுமைக்கும் அதுவே சொல், நெஞ்சைத் தன் வழியில் நிறுத்தும் உறுதிக்கும் அதுவே சொல். பொருள் மூன்றும் இக்கட்டுரையில் எங்கேனும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் அதற்கு நாம் பொறுப்பல்லோம், மொழியே பொறுப்பு.)

எண்ணுவதற்குப் பஞ்சமில்லை. 1995-ஆம் ஆண்டு முடிய, நான்கு கருவிகளும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் இசட் துகள்களைப் பதிவு செய்தன. இத்தனை எண்ணியபின் எண்ணிக்கையால் வரும் தடுமாற்றம் தேய்ந்து சிறுத்துப்போகும். ஆனால் பிழையில் இருவகை உண்டு. ஒருமுறை மிகுந்தும் மறுமுறை குறைந்தும் தற்செயலாக நேரும் பிழை ஒருவகை. பன்முறை அளந்தால் அது தானே கரைந்துவிடும். தராசே கோணலாக இருப்பது மற்றொரு வகை. கோணல் தராசில் ஒருமுறை நிறுத்தாலும் கோடிமுறை நிறுத்தாலும் கோணல் மாறாது. வானொலியில் குரல் எத்தனை தெளிவாகக் கேட்டால்தான் என்ன, எண்பலகையே இடம் பெயர்ந்து ஒட்டப்பட்டிருந்தால்? நான்கு கருவிகள் இருந்தனவே, அவை ஒன்றையொன்று திருத்தாவா என்று கேட்கலாம். திருத்தா. நான்கும் நம்பியிருந்தது ஒரே வளையத்தை. அதன் கற்றையின் ஆற்றலை. அங்கே பிழை இருப்பின் நான்கு சாட்சிகளும் ஒரே குரலில் பொய் சொல்வார்கள், பொய்யென்று அறியாமலே.

ஆகவே கற்றையின் ஆற்றலை அளப்பதே தனியொரு வேள்வியாயிற்று. சுற்றிவரும் எலக்ட்ரான்கள் சிறு பம்பரங்களைப் போன்றவை. வளையத்தில் நெடுநேரம் சுற்றும்போது அப்பம்பரங்களுள் ஒரு பகுதி தாமாகவே ஒரே திசை நோக்கி நிமிர்ந்து நிற்கும். சாய்த்துவிட்ட பம்பரத்தின் அச்சு தள்ளாடிச் சுழலுமே, அத்தகைய தள்ளாட்டம் எலக்ட்ரானுக்கும் உண்டு. லெப் முடுக்கியில் அது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 103.5 முறை. அவ்வெண் எலக்ட்ரானின் ஆற்றலைப் பொறுத்தது. மெல்லிய காந்தப்புலம் ஒன்றால் தட்டிப் பார்த்து, எந்தத் தாளத்தில் தட்டினால் பம்பரங்களின் ஒழுங்கு குலைகிறது என்று கண்டால் தள்ளாட்டத்தின் எண் தெரியும். அதிலிருந்து ஆற்றல் தெரியும். 1991-ஆம் ஆண்டு இம்முறையைக் கையாளத் தொடங்கினார்கள். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான பிழையில் விடை கிடைத்தது.

இனி எல்லாம் நலமே என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இயந்திரத்தில் எவரும் எதையும் மாற்றாதபோதே கற்றையின் ஆற்றல் மாறிக்கொண்டிருந்தது.

காரணம் நிலவு. கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு, கண்ணுக்குப் புலனாகாதவாறு நிலத்தையும் ஏற்றி இறக்குகிறது. முழுநிலவு நாளில் ஜெனீவாப் பகுதியின் நிலமே சுமார் 25 சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. அதனால் 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடிக் குறைகிறது. எலக்ட்ரான் செல்லும் பாதையின் நீளத்தை முடுக்கியின் மின்னலைகள் மாறாமல் பிடித்து வைத்திருப்பதால், வளையம் விரியும்போது கற்றை காந்தங்களின் நடுவிலிருந்து சற்றே விலகிச் செல்கிறது, ஆற்றல் மாறுகிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் கற்றையின் ஆற்றலில் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு மாற்றத்தை உண்டாக்கியது. 1992 நவம்பரில் ஒரு முழுநிலவு இரவை உள்ளடக்கி ஒரு நாள் முழுவதும் இடையறாது அளந்தார்கள். நிலவின் ஏற்றஇறக்கக் கணிப்பும் கற்றையின் ஆற்றலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய நமக்கு, வெள்ளுவாவும் கருவாவும் பார்த்துக் கடலுக்குச் செல்லும் மக்களைத் தெரியும். நிலத்துக்கும் அவை உண்டென்று அவர்களிடம் சொல்ல ஆசை.

நிலவோடு முடியவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல ஊரும் மாற்றம் ஒன்றும் எஞ்சியிருந்தது. ஆராய்ந்தபோது அது ஜெனீவா ஏரியின் நீர்மட்டத்தோடும், மழையால் நிலம் நனைவதோடும் இணைந்து நடப்பது தெரிந்தது. மலைப்பனி உருகிவரும் நீருக்கு இடமளிக்க இளவேனிலுக்கு முன் ஏரியின் நீரைக் குறைப்பது அங்கே வழக்கம். அந்நீரின் எடை மிகுந்து குறையும்போது சுற்றியுள்ள நிலம் சற்றே நெளிகிறது. நிலத்தோடு வளையமும் நெளிகிறது.

மூன்றாவதாக வந்ததுதான் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. 1995-ஆம் ஆண்டு சுரங்கத்துக் காந்தங்களின் உள்ளேயே நுண்ணிய அளவிகளைப் பொருத்தினார்கள். காந்தப்புலம் பகல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் ஓய்ந்தது. விடியுமுன் ஐந்து மணியளவில் மீண்டும் நடுங்கத் தொடங்கியது. நள்ளிரவில் உறங்கி விடியலில் எழுவது எது? மனிதர்தாம். தேடித் தேடிக் கடைசியில் தொடர்வண்டியைப் பிடித்தார்கள். ஜெனீவாவிலிருந்து பிரான்சுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் தண்டவாளத்தின் வழியே திரும்பவில்லை; ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, எளிய வழி தேடி, முடுக்கியின் உலோகக் குழாயில் ஏறி ஓடிற்று. ஓர் ஆம்பியர் அளவேயான மின்னோட்டம். ஆயினும் அது காந்தங்களை ஓயாமல் சீண்டி, மணிக்கு மணி அவற்றின் புலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தையும் குழாயின் மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே நேரத்தில் அளந்தபோது, பாரிசுக்குப் புறப்பட்ட ‘டிஜிவி’ விரைவு வண்டியின் ஓட்டம் மூன்று வரைகோடுகளிலும் ஒருங்கே பதிந்திருந்தது. அவ்வண்டியில் செய்தித்தாள் விரித்து அமர்ந்திருந்த பயணி எவரும், தாம் ஓர் அடிப்படைத் துகளின் நிறையைத் தொட்டுச் செல்வதை அறிந்திருக்க முடியாது.

எல்லா இடையூறும் இத்தனை நுண்மையானதல்ல என்பதற்கு ஒரு செய்தி. 1996-ஆம் ஆண்டு கற்றை வளையத்தைச் சுற்றிவர அடியோடு மறுத்தது. நிலவை ஆராய்ந்தவர்கள், ஏரியை ஆராய்ந்தவர்கள், இம்முறை குழாயைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு வெற்றுப் பீர்ப்புட்டிகள் கிடந்தன.

இவற்றையெல்லாம் கணக்கிட்டுக் கழித்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதனதன் ஐயத்தையும் சேர்த்து, அவர்கள் வந்தடைந்த விடை: 91,187.5 ± 2.1 மெகா எலக்ட்ரான் வோல்ட். 50 கிலோ அரிசி மூட்டையை ஏறத்தாழ ஒரு கிராம் பிசகுக்குள் நிறுத்ததற்கு ஒப்பு. இத்தகைய அளவீடுகளை வைத்துத்தான், அன்று வரை எவரும் கண்டிராத ‘டாப்’ குவார்க்கின் நிறை எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. 1995-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் அது கண்டறியப்பட்டபோது அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது.

ஆனால் நம் கண் நிலைத்தது முதல் எண்ணின்மீது அன்று. அதன் பின்னால் நிற்கும் அந்தக் குறியின்மீது. மேலே கூட்டல், கீழே கழித்தல். ‘இவ்வளவு மிகுந்திருக்கலாம், இவ்வளவு குறைந்திருக்கலாம்’ என்று அளந்தவரே தம் கையால் எழுதித் தரும் ஒப்புதல் அது. அந்த 2.1-இல் பெரும்பங்கு, கற்றையின் ஆற்றலை அறிந்ததில் எஞ்சிய ஐயம். நம் பதிவேட்டில் 9.79 என்னும் எண்ணுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

சமைப்பது மாணவர் மட்டும் செய்யும் குற்றம் அன்று. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிக்கன், காற்றின் பாகுத்தன்மைக்குத் தவறான எண்ணைக் கையாண்டதால், 1913-இல் உண்மையினும் சற்றுக் குறைவான விடையை வெளியிட்டார். அவருக்குப் பின் அளந்தவர்களின் விடைகள் உடனே சரியான எண்ணுக்குத் தாவவில்லை, படிப்படியாகவே ஏறின. ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் இதனை எடுத்துக்காட்டி, காரணத்தையும் விளக்கினார். மில்லிக்கனின் எண்ணிலிருந்து பெரிதும் விலகிய விடை கிடைத்தால், எங்கோ பிழை என்று தேடி, ஒரு காரணம் கண்டு, அதனை ஒதுக்கினார்கள். நெருங்கிய விடை கிடைத்தால் அவ்வளவாகத் தேடவில்லை. எவரும் பொய்யர் அல்லர். விரும்பிய எண் வந்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவே.

இதற்கு மருந்தாக இன்றைய இயற்பியலார் பலர் தம் கண்களைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள். விடையோடு தமக்குத் தெரியாத ஓர் எண்ணைக் கணினி கூட்டி மறைத்துவிடும். ஆய்வு முழுவதும் முடிந்து, இனி எதையும் திருத்துவதில்லை என்று உறுதி செய்தபின்னரே அம்மறைப்பை நீக்குவார்கள். வந்த விடை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதையே வெளியிடுவார்கள்.

இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நினைவில் வந்தது ஊசல் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நடந்த ஒரு திருவிழாக் கணக்கு.

பத்து நாள் திருவிழாவும் தேர்ப்பவனியும் முடிந்து, தலைக்கட்டு வரி, நன்கொடை, செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். இருக்க வேண்டிய தொகையில் 11,400 ரூபாய் உதைத்தது. பொருளாளராய் இருந்தவர்மீது நமக்கு முன்பே ஒரு மனத்தாங்கல். பேரவைக் கூட்டங்களில் எதிர்வாதம் செய்பவர். நம் கட்டடத் திட்டம் ஒன்றைத் தாமதப்படுத்தியவர். பணம் குறைகிறது என்றதும் நம் உள்ளம் என்ன சொல்லிற்று என்பதை எழுதக் கூசுகிறது: ‘நினைத்தேன்’ என்றது. பேரவை உறுப்பினர் மூவர் கணக்கைப் பார்த்துக் கையொப்பமிட்டனர். மூவரும் பார்த்தது நாம் கூட்டிய ஒரே கூட்டலைத்தான். கடிந்த சொல் எதுவும் நாம் சொல்லவில்லை. குறையும் தொகையை அவர் பொறுப்பேற்பது நல்லது என்று மட்டும் அமைதியாகச் சொன்னோம். அவர் கட்டினார். பொறுப்பிலிருந்து விலகினார். பின்பு ஞாயிறு திருப்பலிகளில் அவரைக் காண்பது அரிதாயிற்று. பக்கத்து ஊர்க் கோவிலுக்குச் செல்வதாகச் சொன்னார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து நமக்கு மாற்றல் வந்தது. ஏடுகளை அடுத்த பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கும்பொருட்டு ஒழுங்கு செய்தபோது, அவ்வாண்டின் ரசீதுப் புத்தகங்கள் கைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றின் மொத்தத்தை இருமுறை கூட்டியிருந்தோம். அப்புத்தகத்தின் மொத்தம் 11,400.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, வெல்லவியலா அறியாமை என்றும் வெல்லக்கூடிய அறியாமை என்றும் இரண்டைப் பிரித்துக் கற்பித்தார்கள். முன்னதில் குற்றமில்லை, பின்னதில் உண்டு. நிலம் ஏறி இறங்குவதை எதிர்பாராதிருந்த ஜெனீவாக்காரர்களை முன்னதில் சேர்க்கலாம்; ஐயம் எழுந்ததும் அவர்கள் நிலவு வரை சென்று தேடினார்கள். நாம் இருந்தது மேசையிலிருந்த பதினான்கு ரசீதுப் புத்தகங்களின் முன்னால். மறுபடியும் கூட்டப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தொகை மிகுதியாக வந்திருந்தால் கட்டாயம் கூட்டியிருப்போம். குறைவாக வந்து, குறைவுக்கு உரியவர் என்று நாம் கருதிய ஒருவரும் எதிரிலேயே இருந்ததால், கூட்டவில்லை.

அன்று மாலையே பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். துணைவியார் நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். நாம் சொன்னதை அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, “சாமி, அன்னைக்கே இன்னொரு தரம் கூட்டிப் பாத்திரலாம்னு நான் கேட்டேனே. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க” என்றார்.

அவர் கேட்டதை நாம் முற்றிலும் மறந்துபோயிருந்தோம். பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு திருப்பலியில், பெயரைச் சொல்லி, பிழை நம்முடையது என்று மக்கள் முன் அறிவித்தோம். அவர் அன்று வரவில்லை. அதற்கடுத்த வாரம் நாம் ஊரைவிட்டு வந்துவிட்டோம்.

இசட் துகளின் கதை முடிந்த கதை. அதன் உறவான ‘டபிள்யூ’ துகளின் கதை இன்னும் முடியவில்லை. டபிள்யூ சிதையும்போது பிறக்கும் நியூட்ரினோ எந்தக் கருவியிலும் தடம் பதிக்காமல் தப்பிச் சென்றுவிடுவதால், அதனை நிறுப்பது இன்னும் கடினம். காணாமற்போனதைக் கொண்டு இருந்ததைக் கணிக்க வேண்டும். சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தின் ‘டெவட்ரான்’ முடுக்கி 2011-இல் நிறுத்தப்பட்டது. அங்கே ‘சிடிஎஃப்’ கருவி பதிவு செய்த ஏறத்தாழ 42 இலட்சம் டபிள்யூ நிகழ்வுகளை, சுமார் 400 பேர் கொண்ட குழு அதன்பின்னும் பத்தாண்டுகள் ஆராய்ந்தது. விடையை மறைத்து வைத்தே ஆராய்ந்தார்கள். தம் தராசு நேர்தானா என்று பார்க்க, அதில் இசட் துகளையும் வைத்து நிறுத்தார்கள். நிலவையும் ஏரியையும் வண்டியையும் கழித்துப் பெற்ற அந்தப் பழைய எண்ணோடு பிழையெல்லைக்குள் ஒத்துப்போயிற்று. 2020 நவம்பரில் மறைப்பை நீக்கினார்கள். 2022 ஏப்ரலில் வெளியிட்டார்கள்: 80,433.5 ± 9.4. கோட்பாடு கூறியதோ 80,357 ± 6. தற்செயல் என்று தள்ளவியலாத அளவு விலகல்.

பின்னர் அதே ஜெனீவாச் சுரங்கத்தில், லெப் இருந்த இடத்தில் இன்று இயங்கும் பெரிய முடுக்கியின் கருவிகளுள் ஒன்றான ‘அட்லஸ்’ 2023-இல் அறிவித்த விடை கோட்பாட்டோடு இசைந்தது. 2024 செப்டம்பரில் ‘சிஎம்எஸ்’ கருவியின் குழு 80,360.2 ± 9.9 என்று அறிவித்தது. அதுவும் கோட்பாட்டோடு இசைகிறது. ஆக, சிடிஎஃப் தனித்து நிற்கிறது. அதில் பிழை இருக்கிறதெனில் எங்கே என்று இதுவரை எவரும் காட்டவில்லை. பலரும் ஒரு பக்கம் நிற்பதால் அப்பக்கமே சரி என்று தீர்த்துவிட இயற்பியலார் விரைந்தாலும், நமக்கு அத்துணை விரைவு இல்லை. மூவர் கையொப்பமிட்ட கணக்கை நாம் பார்த்திருக்கிறோம். அதே வேளையில், தனித்து நிற்பதாலேயே அவர்கள் சரியானவர்கள் ஆகிவிடவும் மாட்டார்கள். தேட வேண்டும். நிலவைப் போல எதிர்பாராத ஒன்று எங்கோ இருக்கலாம், பீர்ப்புட்டியாகவும் இருக்கலாம்.

இவ்வாண்டு நம் பங்கின் திருவிழாக் கணக்கைக் கூட்டும்போது பேரவையினரை இரு குழுவாகப் பிரித்தோம். இரு குழுவுக்கும் தனித்தனி அறை. ஒருவர் மொத்தம் மற்றவருக்குத் தெரியக்கூடாது. இருக்க வேண்டிய தொகை இருவருக்குமே தெரியக்கூடாது. இளைஞர்கள் சிரித்தார்கள். இரண்டு மொத்தங்களுக்கும் இடையே 340 ரூபாய் வேறுபாடு வந்தது. மூன்றாம் முறை எல்லோரும் சேர்ந்து கூட்டியதில், 300 ரூபாய்க்கான ரசீது ஒன்று இரண்டு தாள்களுக்கிடையே ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. எஞ்சிய 40 ரூபாய் எங்கே போயிற்று என்று இரவு பத்து மணி வரை தேடியும் அகப்படவில்லை. யாரேனும் கையிலிருந்து போட்டு நேர்செய்துவிடலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றோம். ‘ரூபாய் 40 உதைக்கிறது’ என்று கணக்கின் கடைசி வரியில் எழுதி, கோவில் அறிவிப்புப் பலகையில் அப்படியே ஒட்டியிருக்கிறோம்.